பழைய கணினியே உள்ளீடு: இயங்குதள மேம்படுத்தல் கருவிக்குத் தானியங்கிச் சோதனைகளை அமைத்த பதிவு

நான் பராமரித்துவரும் கருவிக்கு ஒரே வேலைதான். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 12ஆம் பதிப்பு ஓடும் சர்வரை, அருகில் யாரும் இல்லாமலேயே, டெபியன் 13க்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். முன்சோதனை செய்யும், களஞ்சியப் பட்டியலை (மென்பொருள் பொதிகளை எங்கிருந்து பெறுவது என்ற பட்டியலை) மாற்றி எழுதும், முதலில் புதிய பொதிகள் எதையும் சேர்க்காமல் ஒரு சிறு மேம்படுத்தலையும் அடுத்து முழு மேம்படுத்தலையும் நடத்தும், மறுதொடக்கம் செய்யும், எழுந்தபின் எல்லாம் இருக்கிறதா என்று பார்க்கும். டெபியனின் வெளியீட்டுக் குறிப்புகள் பரிந்துரைக்கும் வரிசையும் இதுவே.

இந்தக் கருவிக்கு ஏற்கெனவே அலகுச் சோதனைகள் இருந்தன. பொதிகளை நிறுவும் நிரலான ஏப்ட் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு போலி நிரலை வைத்து, நாம் எதிர்பார்க்கும் கட்டளை எதிர்பார்க்கும் வரிசையில் போகிறதா என்று பார்ப்பவை. நொடிகளில் முடிந்துவிடும். இப்போதும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் முதலில் ஓடுவது அவைதான். ஆனால் கருவியைப் பயன்படுத்துவோரிடமிருந்து வந்த கோளாறுகளை ஒன்றாக வைத்துப் படித்தபோது ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. ஒரு கணினியில் பூட் பிரிவு (கணினியைத் தொடங்கும் கோப்புகள் இருக்கும் வட்டுப் பகுதி) மிகச் சிறியது. இன்னொன்றில் யாரோ ஒரு பொதியை நகராதபடி நிறுத்திவைத்திருந்தார்கள். மற்றொன்று வேறொரு கணினியின் வட்டிலிருந்து நகலெடுக்கப்பட்டது. கருவியின் நிரல் மூன்றிலும் ஒன்றேதான். வேறுபட்டது அந்தக் கணினிகள் கடந்துவந்த வாழ்க்கை. மேம்படுத்தும் கருவிக்கு உண்மையான உள்ளீடு கட்டளை வரியில் கொடுக்கப்படும் சொற்கள் அல்ல, ஏற்கெனவே பல ஆண்டுகள் ஓடிய ஒரு முழுக் கணினி. ஆகவே சோதனைகளையும் கருவியின் செயல்பாடுகளின்படி பிரிக்காமல், தொடக்க நிலைகளின்படி பிரிப்பது என்று முடிவு செய்தேன்.

ஒவ்வொரு தொடக்க நிலைக்கும் ஒரு கோப்புறை. கணினியை அந்த நிலைக்குக் கொண்டுவரும் தயாரிப்பு ஸ்கிரிப்ட், கருவிக்குத் தர வேண்டிய அமைவுக் கோப்பு, மேம்படுத்தல் முடிந்தபின் உள்ளே ஓட வேண்டிய சரிபார்ப்புகள், இவற்றோடு ஒரே ஒரு சொல் மட்டும் எழுதப்பட்ட ஒரு கோப்பு: ‘மேம்படும்’ அல்லது ‘மறுக்கும்’. உபுண்டுவின் பழைய தானியங்கி மேம்படுத்தல் சோதிப்பானிலும் ஏறத்தாழ இப்படித்தான் நிலைகளும் அவற்றுக்கான பின்சோதனைகளும் தனித்தனிக் கோப்புறைகளில் வைக்கப்பட்டிருந்தன. கோப்புறையின் பெயர் விஷயத்தில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். ‘களஞ்சியச் சோதனை’ என்ற பெயர் கூடாது. ‘சிறிய பூட்’, ‘நகலெடுத்த வட்டு’, ‘பழைய வடிவக் களஞ்சியப் பட்டியல்’ என்று கணினியின் நிலையைச் சொல்ல வேண்டும். இரவில் ஏதாவது தோற்றால், காலையில் பெயரை வாசித்ததுமே எந்த மாதிரிக் கணினி பாதிக்கப்படும் என்று தெரிந்துவிட வேண்டும்.

அடிப்படைப் படிமங்கள்

சோதனைகளை ஓட்டுவது கன்டெய்னரிலா (வெளிக் கணினியின் கெர்னலையே பகிரும் தனியறை), மெய்நிகர் கணினியிலா என்ற கேள்விக்கு இரண்டும் என்பதுதான் பதில், ஆனால் சமமாக அல்ல. கன்டெய்னருக்குள் சொந்தக் கெர்னல் (இயங்குதளத்தின் மையக்கரு) இல்லை, தொடக்கத்தில் அதை ஏற்றும் கிரப் இல்லை, பூட் ஆவது என்ற நிகழ்வே இல்லை. இயங்குதள மேம்படுத்தலில் மிக மோசமான முடிவு கணினி திரும்ப எழாமல் போவது. அந்த முடிவைக் காட்டவே முடியாத இடத்தில் சோதித்துவிட்டு நிம்மதியடைய முடியாது. அமைவுக் கோப்பு மோதல், களஞ்சியப் பட்டியல் திருத்தம் போன்றவற்றை மட்டும் சிஸ்டம்டி-என்ஸ்பான் கன்டெய்னரில் வேகமாகப் பார்த்துக்கொள்கிறேன். மற்றவை எல்லாம் மெய்நிகர் கணினியை உருவாக்கும் கியூஇஎம்யூவில், அதை வேகப்படுத்தும் கெர்னல் வசதியான கேவிஎம் துணையோடு. கேவிஎம் கிடைக்காத இடத்தில் இவற்றை ஓட்டுவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். முழு மேம்படுத்தல் ஊர்ந்து ஊர்ந்து போகும், கால வரம்புகள் ஒவ்வொன்றாக உடையும், எது உண்மையான தோல்வி என்றே தெரியாது.

டெபியன் வெளியிடும் கிளவுட் படிமங்கள் (இயங்குதளம் ஏற்கெனவே நிறுவப்பட்ட ஆயத்த வட்டு நகல்கள்) நல்ல தொடக்கம். சிஐடேட்டா என்ற பெயரிட்ட ஒரு சிறு வட்டை இணைத்தால், முதல் தொடக்கத்தில் கணினியை அமைக்கும் கிளவுட்-இனிட் அதிலிருந்து பயனர், சாவி எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறது. ஆனால் அந்தப் படிமங்கள் மிகவும் சுத்தமானவை. சாதாரண சர்வர் ஒன்று நிறுவியின் வழியாகப் பிறந்திருக்கும். அதன் கிரப் பொதி வேறு, வட்டுப் பிரிவுகள் வேறு, களஞ்சியப் பட்டியலின் வடிவமும் வேறு. எனவே பாதி நிலைகளுக்கு நிறுவியையே ப்ரீசீட் கோப்புடன் (அதன் கேள்விகளுக்கு முன்கூட்டியே எழுதிய விடைகளுடன்) ஓட்டி அடிப்படைப் படிமத்தை உருவாக்குகிறேன். மெதுவான வேலைதான். ஆனால் அது அரிதாகத்தான் தேவைப்படுகிறது; உருவான படிமம் படிக்க மட்டும் என்று பூட்டப்பட்டுவிடும்.

அதன் மேல், மாற்றங்களை மட்டும் தனியாகச் சேமிக்கும் கியூகவ்2 மேலடுக்கு. தயாரிப்பு ஸ்கிரிப்ட் ஓடி முடிந்ததும் அந்த அடுக்கையும் பூட்டி, அதன் மேல் இன்னொரு மெல்லிய அடுக்கு. மேம்படுத்தல் நடப்பது இந்தக் கடைசி அடுக்கில் மட்டும். தோற்றுப்போன கணினியின் வட்டை அப்படியே எடுத்துவைக்கலாம்; அதே தொடக்க நிலையிலிருந்து இன்னொரு முறை ஓட்டவும் செய்யலாம். கீழடுக்கை எந்தக் காரணத்துக்காகவும் தொடக்கூடாது என்பதை மட்டும் மறக்கக்கூடாது. அதில் ஒரு எழுத்து மாறினாலும் மேலே உள்ள அடுக்குகள் எல்லாம் பொருளற்றுப்போகும்.

முன்னும் பின்னும்

இந்த அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். மேம்படுத்தல் கட்டளை சுழியத்துடன் (பிழை இல்லை என்பதற்கான எண்ணுடன்) வெளியேறியது, கணினி எழுந்தது, தொலைவிலிருந்து உள்நுழையும் வழியான எஸ்எஸ்எச் பதில் சொல்கிறது. இந்த மூன்றையும் வெற்றி என்று வைத்துக்கொள்வது எளிது. ஆனால் கணினி என்பது அது செய்துகொண்டிருந்த வேலை. அந்த வேலை நின்றுபோயிருந்தால், எழுந்து நிற்பதில் என்ன பயன்?

ஆகவே மேம்படுத்தலுக்கு முன் கணினியின் நிலையை ஒரு ஸ்கிரிப்ட் பதிந்துகொள்கிறது: எந்தெந்தப் போர்ட்டுகளில் எந்த நிரல் காத்திருக்கிறது, எந்தச் சேவைகள் தொடக்கத்தில் இயங்கும்படி இருக்கின்றன, எவை தோல்வி நிலையில் உள்ளன, என்னென்ன வட்டுப் பிரிவுகள் இணைக்கப்பட்டுள்ளன, பயனர்களும் குழுக்களும், வழித்தடங்கள், ஃபயர்வால் விதிகள், கெர்னல் அமைவு மதிப்புகள் முழுவதும். மேம்படுத்தல் முடிந்து மறுதொடக்கமும் ஆனபின் அதே ஸ்கிரிப்ட் மீண்டும் ஓடும். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடுதான் சோதனை. வேறுபாடு இருக்கலாம், பதிப்பு மாறும்போது கட்டாயம் இருக்கும். ஆனால் ஒவ்வொரு வேறுபாடும் ‘எதிர்பார்த்த மாற்றங்கள்’ கோப்பில் ஒரு வரியாகக் காரணத்தோடு எழுதப்பட்டிருக்க வேண்டும். காரணமில்லாத வேறுபாடு தோல்வி.

‘இன்னது சரியா’ என்று தனித்தனியாகக் கேட்கும் சோதனைகளைவிட இந்த ஒப்பீடு ஏன் மேலானது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். திசைவியாக வேலை செய்யும் சர்வர் என்று ஒரு தொடக்க நிலை வைத்திருக்கிறேன். ஈடிசி கோப்புறையில் கெர்னல் அமைவு மதிப்புகளுக்கான சிஸ்சிடிஎல் டாட் கான்ஃப் என்ற கோப்பு உண்டு. அதில், மற்றக் கணினிகளின் தரவைக் கடத்திவிடும் ஐபி ஃபார்வர்டிங் வரியின் முன்னால் இருக்கும் குறியை நீக்கிவிடுவது எத்தனையோ வழிகாட்டிகள் சொல்லித்தந்த வழக்கம். டெபியன் 13இல், சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி அந்தக் கோப்பைப் படிப்பதில்லை. சிஸ்சிடிஎல் டாட் டி கோப்புறையில் உள்ள கோப்புகளை மட்டுமே படிக்கிறது. மேம்படுத்தல் பிழையின்றி முடிகிறது. அமைவுக் கோப்பு ஒரு எழுத்துக்கூட மாறாமல் அப்படியே இருக்கிறது. எல்லாச் சேவைகளும் பச்சை. ஆனால் மறுதொடக்கத்துக்குப் பின் கெர்னல் மதிப்பு சுழியம். அந்தச் சர்வருக்குப் பின்னால் இருக்கும் கணினிகள் எதற்கும் இணையம் கிடைக்காது. சந்தேகப்பட்டு யாராவது கையால் சிஸ்சிடிஎல் கட்டளையைக் கொடுத்தால், அந்தக் கட்டளை பழைய கோப்பைப் படித்து மதிப்பை ஏற்றிவிடும். எல்லாம் சரி என்றே தோன்றும், அடுத்த மறுதொடக்கம் வரை. இந்தக் கோளாறைக் குறிவைத்து ஒரு சோதனை எழுத வேண்டுமென்றால் அது முன்பே தெரிந்திருக்க வேண்டும். முன்னும் பின்னும் ஒப்பிடும்போது, அது தானாகவே ஒரு வேறுபட்ட வரியாக வந்து நின்றது. இப்போது கருவி அந்தக் கோப்பில் நிர்வாகி எழுதிய வரிகளைக் கண்டால், மேம்படுத்தலுக்கு முன்பே அவற்றைப் புதிய கோப்புறைக்குப் பெயர்த்துவிடுகிறது.

போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம் ஓடும் நிலையும் இதே வகை. டெபியன் 12இல் போஸ்ட்கிரெஸ் 15, 13இல் 17. மேம்படுத்தும்போது 17 புதிதாக வந்து, தனக்கென ஒரு வெற்றுத் தரவுத்தொகுதியை 5433ஆம் போர்ட்டில் தொடங்கிக்கொள்ளும். பழைய 15, தரவோடு 5432இலேயே இருக்கும். ‘போஸ்ட்கிரெஸ் ஓடுகிறதா’ என்று கேட்டால் ஆம், ஒன்றுக்கு இரண்டாக ஓடுகிறது. அதனால் சரிபார்ப்பு அப்படிக் கேட்பதில்லை. தயாரிப்பின்போது ஓர் அட்டவணையில் எழுதிய வரியை, பயன்பாடு இணையும் அதே முகவரியில் போய்ப் படித்து வருகிறது. தரவைத் தொடும் சேவைகள் எல்லாவற்றுக்கும் இப்போது இதுவே விதி: முன்பு எழுதியதைப் பின்பு படி.

நிர்வாகி திருத்திய அமைவுக் கோப்புகளுக்குப் பழையதை வைத்துக்கொள் என்று, ஏப்டுக்குக் கீழே பொதிகளை அவிழ்த்து நிறுவும் டிபிகேஜியிடம் சொல்லியிருக்கிறோம். பக்கத்தில் புதிய பதிப்பு டிபிகேஜி-டிஸ்ட் என்ற வாலோடு கிடக்கும். அந்த வால் கொண்ட கோப்புகள் எல்லாவற்றையும் ஒப்பீட்டில் பட்டியலிடுகிறேன். கருவியின் இறுதி அறிக்கையிலும் அதே பட்டியல் வர வேண்டும், வராவிட்டால் தோல்வி.

மறுப்பதும் வெற்றி

‘மறுக்கும்’ என்று எழுதப்பட்ட நிலைகளின் மீது எனக்குத் தனி அக்கறை உண்டு. முடியாத கணினியிடம் முடியாது என்று சொல்லி, ஒன்றையும் தொடாமல் விலகுவது இந்தக் கருவி செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி.

டெபியன் 13க்குப் போகும்முன் பூட் பிரிவு குறைந்தது 768 எம்பி இருக்க வேண்டும், அதில் 300 எம்பி அளவுக்குக் காலியிடம் வேண்டும் என்கின்றன வெளியீட்டுக் குறிப்புகள். கெர்னலும் ஃபர்ம்வேரும் அவ்வளவு வளர்ந்துவிட்டன. பழைய நிறுவிகள் இதைவிடச் சிறிய பிரிவை ஒதுக்கியது உண்டு. அப்படியொரு படிமத்தை நிறுவியைக் கொண்டே உருவாக்கினேன். பூட் நடுவழியில் நிரம்பினால், கெர்னலோடு முதலில் ஏறும் சிறு கோப்புத் தொகுதியான இனிட்ராம்எஃப்எஸ் பாதியில் நின்று, டிபிகேஜி அரைகுறையாகத் தொங்கும். கருவி இதை முன்பே கணக்கிட்டு நிற்க வேண்டும். அதேபோல், 13இல் ஐ386 என்ற 32-பிட் கட்டமைப்புக்கு அதிகாரபூர்வக் கெர்னலும் இல்லை, நிறுவியும் இல்லை. அந்தக் கட்டமைப்பில் நிறுவப்பட்ட கணினியை மறுக்கத்தான் வேண்டும்.

மறுப்பைச் சோதிக்கும்போது வெளியேறு எண்ணையும் செய்தியையும் பார்த்துவிட்டு நிறுத்தக்கூடாது. மறுத்தபின் கணினி முன்பிருந்தது போலவே இருக்கிறதா? களஞ்சியப் பட்டியலின் செக்சம், பொதிகளின் பட்டியல், பதிப்புகள், நிறுத்திவைத்த பொதிகளின் குறிகள் எல்லாம் முன்னதோடு ஒத்துப்போக வேண்டும். பட்டியலை மாற்றி எழுதிவிட்டு அதன்பின் மறுக்கும் கருவி, அடுத்த நாள் தானாக ஓடும் பாதுகாப்புப் புதுப்பித்தலின் கையில் ஒரு கலவையான கணினியை ஒப்படைத்துவிடும்.

பட்டியலில் பதிப்பின் பெயருக்குப் பதிலாக ‘ஸ்டேபிள்’ என்று எழுதியிருக்கும் கணினிகள் இன்னும் நுட்பமானவை. 2025 ஆகஸ்ட் 9 அன்று டெபியன் 13 வெளியானதும், அப்போதைய நிலையான பதிப்பைக் குறிக்கும் அந்தச் சொல்லின் பொருளே மாறிவிட்டது. அப்படிப்பட்ட கணினி ஏற்கெனவே பாதி வழி வந்திருக்கலாம். டெபியன் 12இன் பெயரான புக்வார்ம் என்ற சொல்லைத் தேடி, 13இன் பெயரான ட்ரிக்ஸி என்று மாற்றும் நிரலுக்கு அங்கே மாற்ற எதுவுமே கிடைக்காது. இதற்காகச் சில பொதிகள் மட்டும் 13க்குப் போன ஒரு கலவை நிலையைத் தனியாகத் தயாரித்திருக்கிறேன்.

கேள்வி கேட்டு நிற்கும் கணினி

யாரும் உடனில்லாத மேம்படுத்தலில், பதிலுக்காகக் காத்திருக்கும் ஒரு கேள்வி என்றால் அது முடிவில்லாத காத்திருப்பு. பொதிகளுக்காகக் கேள்வி கேட்டு விடைகளை நினைவில் வைக்கும் டெப்கான்ஃபை ஊடாடாத முறையில் வைத்தால் பெரும்பாலான கேள்விகள் அடங்கிவிடும். எல்லாம் அல்ல. மாற்றக் குறிப்புகளைப் பக்கம் பக்கமாகக் காட்டும் ஏப்ட்-லிஸ்ட்சேஞ்சஸ், எந்தச் சேவைகளை மறுதொடக்கம் செய்யலாம் என்று கேட்கும் நீட்ரீஸ்டார்ட் போன்றவை தனித்தனியாக வாய் திறக்கும். இவை நிறுவப்பட்ட நிலை ஒன்று உண்டு. அதில் கருவிக்கு, உண்மையான திரையும் விசைப்பலகையும் போல நடிக்கும் போலிமுனையம் ஒன்றைக் கொடுத்தே ஓட்டுகிறேன். உள்ளீட்டை அடைத்துவிட்டு ஓட்டினால் பல கேள்விகள் தாமாகவே விலகிப்போகும். கோளாறு சோதனையில் மறைந்து, பயனரின் திரையில் வெளிப்படும்.

தொங்கி நிற்பதை மொத்தக் கால வரம்பால் மட்டும் கண்டுபிடிக்க முயன்றால் வெகு நேரம் வீணாகும். முனையத்திலும், ஏப்ட் தன் முன்னேற்றத்தைச் சொல்லும் நிலைக்குழாயிலும் நெடுநேரம் ஒரு எழுத்தும் வராமலிருந்தால், அதைத் ‘தொங்கியது’ என்ற தனி முடிவாகப் பதிந்து, கடைசியாகத் திரையில் இருந்ததைச் சேமிக்கிறது சோதனை அமைப்பு. அந்தக் கடைசித் திரையிலேயே பெரும்பாலும் விடை இருக்கும்.

ஊடாடாத முறையில் கேள்வி கேட்காமல் நேராகத் தோற்பதும் உண்டு. ‘நகலெடுத்த வட்டு’ நிலை அதற்காகவே. பயாஸ் என்ற பழைய தொடக்க முறை கொண்ட கணினிகளில் கிரப் எந்த வட்டில் நிறுவப்பட்டது என்பதை டெப்கான்ஃப் நினைவில் வைத்திருக்கும், பெரும்பாலும் வட்டின் அடையாளப் பெயரால். அந்தப் பெயரில் வட்டின் வரிசை எண் அடங்கியிருக்கும். வட்டை நகலெடுத்து வேறொரு கணினியில் போட்டால் அந்த எண் மாறிவிடும், நினைவு மாறாது. கிரப் பொதி மேம்படும்போது தன் வட்டைத் தேடும், கிடைக்காது, நிறுவல் சாதனத்தைத் திருத்துங்கள் என்று சொல்லிப் பிழையோடு நிற்கும். கியூஇஎம்யூவில் இதை உருவாக்குவது எளிது. வட்டுக்கு ஒரு வரிசை எண் கொடுத்து நிறுவுகிறேன். மேம்படுத்தும்போது வேறொரு வரிசை எண்ணோடு தொடங்குகிறேன். வரிசை எண்ணே கொடுக்காவிட்டால் விர்ட்டியோ வகை மெய்நிகர் வட்டுக்கு அடையாளப் பெயர் உருவாகாது. இந்தக் கோளாறு எந்தக் காலத்திலும் கண்ணில் படாது. சோதனைக் களம் உண்மையான கணினியைவிட எளிமையாக இருக்கும் ஒவ்வோர் இடத்திலும் இப்படி ஏதாவது ஒளிந்திருக்கிறது என்றே நம்புகிறேன்.

மின்சாரம் போனால்

நடுவழியில் மின்சாரம் போவதைச் சோதிக்க கியூஇஎம்யூ செயலையே சட்டென்று கொன்றுவிடலாம். ஆனால் ஏதோ ஒரு நொடியில் கொன்றால், தோற்றதை மறுபடி நிகழ்த்திப் பார்க்க வழியில்லை. ஏப்ட் தன் முன்னேற்றத்தை நிலைக்குழாய் வழியாக வரி வரியாகச் சொல்கிறது. எந்தப் பொதி, எத்தனை சதவீதம், என்ன நடக்கிறது என்று. அதைச் சீரியல் போர்ட் வழியே வெளியே எடுத்து, குறிப்பிட்ட பொதி குறிப்பிட்ட கட்டத்தை எட்டியதும் வெட்டுகிறேன். பெரும்பாலான நிரல்கள் சார்ந்திருக்கும் நூலகமான லிப்சி அவிழும்போது, கெர்னல் அவிழ்ந்து இனிட்ராம்எஃப்எஸ் உருவாகும் முன், கிரப் அமைவு எழுதப்படும்போது, எதுவரை முடித்தது என்று கருவி குறித்துவைக்கும் நிலைக்கோப்பை எழுதும்போது. இந்த வெட்டுப்புள்ளிகள் எல்லாம் பெயரோடு ஒரு கோப்பில் இருக்கின்றன.

இதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். செயலைக் கொல்லும்போது விருந்தினர் கணினியின் (அதாவது மெய்நிகர் கணினியின்) நினைவகத்தில் இருந்த, இன்னும் எழுதப்படாத தரவு போய்விடும். ஆனால் அதைத் தாங்கும் புரவலர் கணினியின் கையில் வந்து சேர்ந்தது எல்லாம் பத்திரமாக இருக்கும். உண்மையான வட்டு, தன்னிடம் வந்த தரவை வரிசை மாற்றி எழுதி, நடுவில் மின்சாரம் போகும் நிலை இதில் வராது. அதற்கு டிஎம்-லாக்-ரைட்ஸ் என்ற கெர்னல் வசதி இருக்கிறது. வட்டில் எழுதும் ஒவ்வொரு செயலையும் வரிசையாகப் பதிந்துவைத்து, விரும்பிய புள்ளி வரை மட்டும் மீண்டும் எழுதிப் பார்க்கலாம். கருவியின் நிலைக்கோப்பை மட்டும் அதன் மீது வைத்துச் சோதிக்கிறேன். தற்காலிகக் கோப்பில் எழுதி, எஃப்சிங்க் செய்து (வட்டில் உண்மையாகவே எழுதச் செய்து), பெயர் மாற்றி, கோப்புறையையும் எஃப்சிங்க் செய்வது என்ற ஒழுங்கு கடைப்பிடிக்கப்படுகிறதா என்பதற்கு அதுவே சாட்சி.

வெட்டிய பின் கணினி எழுந்து, டிபிகேஜியை விட்ட இடத்திலிருந்து சரிசெய்து, கருவி தானாகத் தொடர வேண்டும். இந்தச் சோதனைகள் கருவியின் வடிவத்தையே மாற்றிய இடம் ஒன்று உண்டு. தேவையற்ற பொதிகளை நீக்கும் படி, மறுதொடக்கத்துக்கு முன் வரவே கூடாது. புதிய கெர்னல் எழாவிட்டால் கிரப் பட்டியலில் பழைய கெர்னல்தான் ஒரே புகலிடம். எனவே மறுதொடக்கத்துக்கு முந்தைய சரிபார்ப்பில், பழைய கெர்னலும் அதன் இனிட்ராம்எஃப்எஸ்ஸும் இருக்கின்றனவா என்பது எல்லா நிலைகளுக்கும் பொதுவான வரி ஆகிவிட்டது.

எஸ்எஸ்எச் அறுந்துபோவது இதைவிடச் சிறிய விபத்து. கருவி உள்நுழைந்த அமர்வில் ஓடாமல் சிஸ்டம்டி சேவையாக ஓடுவதால் அது பாதிக்கப்படுவதில்லை. நடுவில் இணைப்பை அறுக்கும் ஒரு சோதனை அதை உறுதிசெய்கிறது.

ஓட்டும் விதம்

மேம்படுத்தல் சோதனை எதுவும் தனியாக நிற்பதில்லை. அதன் மறுபாதி களஞ்சியத்தில் இருக்கிறது, களஞ்சியமோ மாறிக்கொண்டே இருக்கிறது. நேற்று தேறியது இன்று தோற்றால் காரணம் நம் நிரலா, களஞ்சியமா? இதற்காக ஒவ்வோர் இரவும் இரண்டு ஓட்டங்கள். முதலாவது உறைந்த ஓட்டம்: டெபியன் களஞ்சியத்தை 2005 முதல் தேதிவாரியாகச் சேமித்துவரும் ஸ்னாப்ஷாட் சேவையில் ஒரு குறிப்பிட்ட நாளின் நிலையோடு. இரண்டாவது அன்றைய களஞ்சியத்தோடு. உறைந்தது தோற்றால் மாறியது கருவியோ சோதனையோதான். அன்றைய ஓட்டம் மட்டும் தோற்றால் களஞ்சியத்தில் ஏதோ மாறியிருக்கிறது. பொதிகளின் பட்டியல்கள் இரண்டையும் ஒப்பிட்டாலே சந்தேகத்துக்குரியது சுருங்கிவிடும். உறைந்த ஓட்டத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாதுகாப்புக் களஞ்சியத்தின் பொதிப் பட்டியல்களுக்குச் சான்று தரும் ரிலீஸ் கோப்புக்குக் காலாவதித் தேதி உண்டு. பழைய நாளின் கோப்பை ஏப்ட் ஏற்காது. அந்தச் சரிபார்ப்பை நிறுத்தும் அமைவைச் சோதனைக் களமே தனிக் கோப்பாகப் போடுகிறது. கருவிக்குள் அது ஒருபோதும் நுழையக்கூடாது. நுழைந்தால் உண்மையான கணினிகளின் பாதுகாப்பு தளர்ந்துவிடும். ஸ்னாப்ஷாட் சேவையை ஒவ்வோர் ஓட்டத்திலும் தொல்லைப்படுத்தாமல் இருக்க நடுவில், பதிவிறக்கியதைச் சேமித்துவைத்துத் தரும் ஏப்ட்-கேச்சர்-என்ஜி நிற்கிறது.

முடிவுகளை வகைப்படுத்துவதில் டெபியனின் பொதிச் சோதனைக் கருவியான ஆட்டோபிகேஜிடெஸ்ட் எனக்கு வழிகாட்டி. சோதனை தோற்றால் அதன் வெளியேறு எண் 4, சோதனைக் களமே தோற்றால் 16. இந்தப் பிரிவினை அவ்வளவு முக்கியம். படிமம் பதிவிறங்கவில்லை, மெய்நிகர் கணினி தொடக்கத்திலேயே எழவில்லை, புரவலர் வட்டு நிரம்பியது போன்றவை களத் தோல்விகள்; அவை மட்டுமே தானாக மீண்டும் ஓடும். கருவி ஓடத் தொடங்கிய பின் தோற்ற எதையும் தானாக மறுபடி ஓட்ட அனுமதிப்பதில்லை. இரண்டாம் முறை தேறியது என்பதற்காக முதல் தோல்வி பொய்யாகிவிடாது. வெளியே இருக்கும் கணினிக்கு இரண்டாம் முறை கிடைக்குமா என்ன?

தோற்ற கணினியோடு பேச எஸ்எஸ்எச் மட்டும் இருந்தால் போதாது. 13க்குப் போகும்போது நெட்வொர்க் இடைமுகத்தின் பெயர் சில கணினிகளில் மாறக்கூடும். அப்போது கணினி நலமாக எழுந்திருக்கும், நம்மால்தான் அடைய முடியாது. அதனால் சீரியல் கன்சோலின் முழுப் பதிவும் கியூஇஎம்யூ விருந்தினர் முகவரும் (மெய்நிகர் கணினிக்குள் ஓடி, வெளியிலிருந்து வரும் கட்டளைகளை ஏற்கும் நிரல்) எல்லா நிலைகளிலும் உண்டு. எழவே எழாத கணினியின் மேலடுக்கை, மெய்நிகர் வட்டுகளை வெளியிலிருந்து திறக்கும் லிப்கெஸ்ட்எஃப்எஸ் மூலம் படிக்க மட்டும் திறந்து, ஏப்டின் முனையப் பதிவு, டிபிகேஜி நிலைக்கோப்பு, சிஸ்டம்டியின் பதிவான ஜர்னல் மூன்றையும் எடுத்துவைக்கிறது சோதனை அமைப்பு. இதெல்லாம் தோல்வி நேர்ந்த நிமிடத்திலேயே தானாக நடக்க வேண்டும்; வட்டை வைத்துக்கொண்டு பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் இடம் போதாது.

அண்மையில் சேர்ந்த நிலை மறையாக்கம் செய்த வட்டு. டெபியன் 13இல் மறையாக்கப் பிரிவுகளைத் தானாகத் திறக்கும் பகுதி சிஸ்டம்டியிலிருந்து பிரிந்து, சிஸ்டம்டி-கிரிப்ட்செட்டப் என்ற தனிப் பொதியாகிவிட்டது. சிஸ்டம்டி அதைப் பரிந்துரைப் பொதியாகக் குறிப்பிடுவதால் வழக்கமான மேம்படுத்தலில் அது தானாக வந்துவிடும். ஆனால் சர்வர்களில் பரிந்துரைப் பொதிகளை நிறுவாதே என்று ஏப்டுக்குச் சொல்லிவைப்பவர்கள் ஏராளம். அந்த அமைவையும் மறையாக்கப்பட்ட தரவுப் பிரிவையும் ஒன்றாக வைத்துத் தயாரித்த நிலையில், மேம்படுத்தல் எந்தக் குறையும் சொல்லாமல் முடிந்தது; மறுதொடக்கத்துக்குப் பின் தரவுப் பிரிவு இணையவில்லை. இணைக்கப்பட்ட பிரிவுகளின் ஒப்பீட்டில் ஒரு வரி குறைந்திருந்தது. மறையாக்கப் பிரிவுகளைப் பட்டியலிடும் கிரிப்ட்டேப் கோப்பில் ஏதேனும் வரி இருந்தால் அந்தப் பொதியைப் பெயர் சொல்லியே நிறுவும்படி கருவியில் சேர்த்திருக்கிறேன். ரூட் பிரிவே மறையாக்கப்பட்ட கணினிக்கான நிலை இன்னும் முடியவில்லை. பூட் ஆகும்போது கடவுச்சொல் கேட்கும் வரியைச் சீரியல் கன்சோலில் அடையாளம் கண்டு விடையை அனுப்பும் பகுதியை எழுதிக்கொண்டிருக்கிறேன்.